தாத்தாவோட லெஃப்ட் ஸ்பீக்கர்

உங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்கு பாஸ்? ஓடாத டேபிள் ஃபேன், கைப்பிடி உடைஞ்ச அண்டா, அண்ணனோட பத்தாம் கிளாஸ் நோட்ஸ்... இதானே? எங்க கும்பகோணம் வீட்ல, கூடத்து மூலையில, ஒரு பழைய போர்வைக்கு அடியில ஒரு ஸ்டீரியோ செட் இருந்துச்சு. ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்ட் பிளேயர், இடுப்பு உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர். 1983-ல சிங்கப்பூர்லேர்ந்து சின்னத் தாத்தா கொண்டு வந்து தன் அண்ணனுக்குக் கொடுத்தது. அந்த அண்ணன்தான் என் தாத்தா. அரசு பஸ் டிரைவர்.

பிராண்ட் பேரைச் சொன்னா விளம்பரம் மாதிரி ஆயிடும். 'ஜப்பான் செட்'டுனு மட்டும் வெச்சுக்கோங்க.

தாத்தா 2021-ல இறந்தார். அதுக்கப்புறம் யாரும் அந்தப் போர்வையைத் தூக்கல. போன வருஷம் லீவுக்குப் போனப்ப, "இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது, காயலான் கடைக்குப் போட்டுடலாம்"னு பெரியப்பா ஆரம்பிச்சார். பாட்டி ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. "இவன் எலெக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிறான்... இவன்கிட்ட கொடு."

இங்க ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் அதை வாங்கிக்கிட்டது பாசத்துல இல்ல. விக்கிறதுக்கு! பழைய ஜப்பான் ஆம்ப்ளிஃபயருக்கு இப்ப நல்ல டிமாண்டுனு ஹாஸ்டல்ல ஒருத்தன் சொல்லியிருந்தான். ரிப்பேர் பண்ணி வித்தா ஒரு செகண்ட்ஹேண்ட் லேப்டாப் தேறும்னு கணக்குப் போட்டேன்.

ஏன்னா, தாத்தாவுக்கும் எனக்கும் ஆகாது. சண்டையெல்லாம் இல்ல. பேச்சே இல்ல. எட்டாவது படிக்கும்போது அறிவியல் கண்காட்சியில எனக்கு செகண்ட் பிரைஸ். கப்பைத் தூக்கிக்கிட்டு வாசல்லேர்ந்து ஒரே ஓட்டம். தாத்தா ஈஸிசேர்ல சாய்ஞ்சு, கண்ணை மூடி, காருக்குறிச்சி அருணாசலம் நாகஸ்வரம் கேட்டுக்கிட்டிருந்தார். பக்கத்துல நின்னு, "தாத்தா, பிரைஸ் வாங்கிட்டேன்"னேன். கண்ணைத் திறக்கல. மறுபடியும் சொன்னேன். ம்ஹூம். கப்பை அலமாரியில வெச்சுட்டுப் போயிட்டேன். சாயங்காலம் அதைப் பார்த்துட்டு, "ஏதுடா இது?"ன்னார். "ஸ்கூல்ல கொடுத்தாங்க"னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அதுக்கப்புறம் அவர் கேட்டா நான் பதில் சொல்வேன், அவ்வளவுதான். ஏழெட்டு வருஷம் அப்படியே ஓடிடுச்சு.

சரி, செட்டுக்கு வருவோம்.

முதல் நாளே 'டப்'!

இ.சி.இ. மூணாவது வருஷம்ங்கிற தெனாவட்டுல, தூசியைத் தட்டிட்டு நேரா ப்ளக்கைச் சொருகினேன். ஸ்பீக்கர்ல 'உம்ம்ம்'னு ஒரு சத்தம். அடுத்த செகண்ட் 'டப்'. விளக்கு அவுட். பாட்டி சமையல்கட்டுலேர்ந்து எட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க. அதுதான் பெரிய அவமானம்.

நல்லவேளை, போனது ஃபியூஸ் மட்டும்தான். பக்கத்துத் தெரு எலெக்ட்ரீஷியன் வந்து தலையில குட்டாத குறையா ஒரு பாடம் எடுத்தார். நீங்களும் நோட் பண்ணிக்கோங்க. வருஷக்கணக்கா சும்மா கிடந்த செட்டை ஒருநாளும் நேரா கரன்ட்ல போடக் கூடாது. உள்ளே இருக்கிற எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் இத்தனை நாள் தூங்கிட்டு இருந்திருக்கும். திடீர்னு முழு வோல்டேஜ் வந்தா தாங்காது. அதனால 'சீரீஸ் லேம்ப்' போடணும். அதாவது, கரன்ட் ஒரு 60 வாட்ஸ் பல்பு வழியா செட்டுக்குப் போகணும். பல்பு ஒரு தடவை பளிச்சுனு எரிஞ்சு அப்படியே மங்கினா, செட் ஓகே. பிரகாசமாவே எரிஞ்சுக்கிட்டிருந்தா உள்ளே ஷார்ட், உடனே ஆஃப் பண்ணு. ஆனா ஒண்ணு, இதுக்குப் பழைய இழை பல்புதான் வேணும். எல்.இ.டி. பல்பு உதவாது. அப்புறம், ப்ளக்கைப் பிடுங்கிட்டாலும் பெரிய கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். மூடியைக் கழட்டி உள்ளே கைவிடறதெல்லாம் விஷயம் தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கும்போது மட்டும்.

எங்க செட்டுக்கு பல்பு மங்குச்சு. உயிர் இருக்கு!

தார், காசு, பொட்டு

அடுத்து ரெக்கார்ட் பிளேயர். தட்டைத் தூக்கிப் பார்த்தா ரப்பர் பெல்ட் இருக்க வேண்டிய இடத்துல தார் மாதிரி ஒரு கறுப்புப் பசை. நாற்பது வருஷத்துல ரப்பர் உருகிடுச்சு. ஸ்பிரிட்டைப் பஞ்சுல தொட்டுத் துடைக்கவே அரை நாள் ஆச்சு. பெல்ட்டோட அளவுக்கு ஒரு டிரிக். மோட்டார் கப்பியையும் உள்தட்டையும் சுத்தி ஒரு நூலை இழுத்துப் பிடிச்சு, அந்த நூலை ஸ்கேல்ல அளந்து, அதைவிடக் கொஞ்சம் சின்ன பெல்ட்டா வாங்கணும். அப்பதான் இறுக்கமா உக்காரும்.

முள் இருக்கிற கையோட நுனியில, செலோ டேப் போட்டு ஒரு 25 பைசா ஒட்டியிருந்துச்சு. அதாங்க, 2011-ல செல்லாமப் போச்சே, அந்த நாலணா. முள் குதிச்சா காசை ஒட்டறது அந்தக் காலத்து வைத்தியம். நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு குட்டி டிஜிட்டல் தராசு 300 ரூபாய்க்கு வாங்கி எடை போட்டேன். 2.8 கிராம். முள்ளோட அழுத்தம் இருக்க வேண்டியதே சுமார் 2 கிராம்தான். தாத்தா கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு பாரத்தை ஏத்தி ஓட்டியிருக்கார். டிரைவராச்சே, ஓவர்லோடு பழகியிருக்கும்! காசை எடுத்துட்டுப் புது முள் போட்டு, பின்னாடி இருக்கிற எடையைத் திருகி 2 கிராமுக்குக் கொண்டு வந்தேன். வைர முள்ளா இருந்தாலும் 500-லேர்ந்து 1000 மணி நேரம்தான் ஆயுள். அதுக்கு மேல ஓட்டினா தேயறது முள் இல்ல, இசைத்தட்டு.

ஸ்பீக்கர் முன்துணியைக் கழட்டினா இன்னொரு சோகம். வூஃபர் கூம்பைச் சுத்தி இருக்கிற ஃபோம் வளையம் விரல் பட்டதும் ரஸ்க் மாதிரி உதிர்ந்துச்சு. கூம்பு நல்லா இருந்துச்சு, காயில் நல்லா இருந்துச்சு. கையால அமுக்கிப் பார்த்தா எங்கயும் உரசல. வளையம் மட்டும் மாத்தினா போதும்.

கடைசியா ஆம்ப்ளிஃபயரோட முகப்பைத் துடைச்சேன். 'பேலன்ஸ்'னு எழுதின குமிழுக்குப் பக்கத்துல ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. மத்த குமிழ் எதுக்கும் பொட்டு இல்ல. பேலன்ஸ் குமிழ் நடுவுல இல்லாம, பத்து மணி முள் மாதிரி இடது பக்கம் சாய்ஞ்சு சரியா அந்தப் பொட்டைப் பார்த்து நின்னுச்சு. இடது பக்க ஸ்பீக்கரும் வலது பக்கத்தைவிட ஒரு முழம் முன்னால தள்ளியிருந்துச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். கேஸை கண்டுபிடிச்சாச்சு! லெஃப்ட் சேனல் வீக். அதை ஈடு கட்டத்தான் தாத்தா இந்தப் பக்கம் திருப்பி வெச்சிருக்கார். பொட்டை நகத்தால சுரண்டி எறிஞ்சுட்டு, குமிழை நடுவுக்குக் கொண்டு வந்து நிறுத்தினேன்.

டிரைவருக்குப் பக்கத்து சீட்

காலேஜ் திறந்ததும் ஆம்ப்ளிஃபயரையும் ரெண்டு வூஃபரையும் கட்டித் தூக்கிக்கிட்டு சென்னைக்கு பஸ் ஏறினேன். கழட்டும்போது எந்த ஒயர் எந்த முனைன்னு மறக்காம போட்டோ எடுத்துக்கிட்டேன். இருந்த வெயிட்டுக்குப் பின்னாடி போக முடியல. முன்னாடி, டிரைவருக்கு இடது பக்கம் எஞ்சின் மூடி இருக்குமே, அதை ஒட்டின சீட்தான் கிடைச்சுது. ராத்திரி முழுக்க அந்த இரைச்சல். மடியில இருந்த ஆம்ப்ளிஃபயர் தகரமெல்லாம் அதிருது. விடிகாலையில சென்னையில இறங்கினப்ப டீக்கடைக்காரர் சொன்ன விலையை ரெண்டு தடவை கேக்க வேண்டியிருந்துச்சு. காதுக்குள்ள ஙொய்ய்ய்னு சத்தம். மத்தியானம்தான் சரியாச்சு. தாத்தா இந்த இடத்துல முப்பது வருஷம் உக்கார்ந்திருக்கார்ங்கிற நினைப்புகூட எனக்கு அப்ப வரல.

மவுண்ட் ரோடு பக்கத்துல ரிச்சி ஸ்ட்ரீட். நம்ம ஆளுங்க ப்ராஜெக்டுக்கு ஐ.சி. வாங்கப் போவோமே, அதே தெருதான். ஒரு மாடிப்படிக்குக் கீழ பழைய ஆம்ப் மட்டும் பார்க்கிற ஒரு அண்ணனைப் பிடிச்சேன். மூடியைத் திறந்ததும் அவர் முகத்துல ஒரு சிரிப்பு.

"அண்ணே, உள்ளே இருக்கறதெல்லாம் தூக்கிட்டு ஒரு புது ப்ளூடூத் போர்டு போட்டுடலாமா?"

"உங்க தாத்தா வேட்டிதானே கட்டுவார்? அவருக்கு பெர்முடாஸ் மாட்டி விடலாமான்னு கேக்கறே!"

அப்புறம் அவரே பொறுமையா சொன்னார். நாற்பது வருஷத்துல கெட்டுப் போறது மூணே மூணு. ரப்பர், ஃபோம், கெப்பாசிட்டர். மூணும் விலை கம்மி. விலை அதிகமான டிரான்ஸ்ஃபார்மர், டிரான்சிஸ்டர், ஹீட் சிங்க் எல்லாம் அசையாம உக்கார்ந்திருக்கும். மாத்த வேண்டியதை மாத்து, மத்ததைத் தொடாதே. ஸ்பீக்கர்ல 'உம்ம்ம்'னு வந்ததுக்குக் காரணம் பவர் சப்ளையில இருந்த ரெண்டு பெரிய கெப்பாசிட்டர் காய்ஞ்சு போனது. குமிழ் திருப்பினா கரகரன்னதுக்குக் காரணம் உள்ளே படிஞ்ச அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்பினா போயிடும்.

மூணு நாள் கழிச்சுப் போனேன். "லெஃப்ட் சேனல் சரியாச்சா அண்ணே?"ன்னேன்.

அவர் ரெண்டு சேனலுக்கும் ஒரே சிக்னலைக் கொடுத்து ஆசிலாஸ்கோப்ல காட்டினார். ரெண்டு அலையும் ஒரே உயரம். "லெஃப்ட் எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே செக் பண்ணேன்."

"அப்புறம் ஏன் குமிழை லெஃப்ட்ல வெச்சு, அடையாளத்துக்குப் பொட்டெல்லாம் ஒட்டியிருந்தாங்க?"

அண்ணன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "செட்டுல கோளாறு இல்ல. கேட்டவருக்குக் காது எப்படி?"

போன்ல பாட்டி

தெரு ஓரமா நின்னு பாட்டிக்கு போன் போட்டேன். சுத்தி ஒரே சத்தம். அதுலயும் பாட்டி சொன்னது தெளிவா கேட்டுச்சு.

"ஆமாண்டா, இடது காது மந்தம்தான் அவருக்கு. உங்க அப்பா ஸ்கூல் படிக்கும்போதே ஆயிடுச்சு. வெளியில தெரிஞ்சா வண்டியிலேர்ந்து எறக்கிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டார். ரிட்டயர் ஆன பிறகும் சொல்லல, அப்படியே பழகிப் போச்சு. நான் எப்பவும் அவருக்கு வலது பக்கம்தான் முக்காலி போட்டு உக்காருவேன். நீ பார்த்ததில்லையா?"

"அந்தப் பொட்டு?"

"நான்தான் ஒட்டினேன். துடைக்கும்போது குமிழ் நகர்ந்துடும். நகர்ந்தா பாட்டு ஒரு பக்கமா சாயுதுன்னு உம்முனு உக்கார்ந்திருப்பார்."

பாட்டி எஞ்சினைத்தான் காரணம் சொல்றாங்க. தாத்தா டாக்டர்கிட்ட காட்டினதே இல்ல, அதனால நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு அப்ப மனசுல ஓடினது எஞ்சின் இல்ல. எங்க வீட்டு வாசல்லேர்ந்து உள்ளே ஓடி வந்தா, ஈஸிசேரோட இடது பக்கத்துலதான் போய் நிப்போம். அன்னிக்கு நான் கப்போட நின்னது அங்கதான்.

ஏழெட்டு வருஷம் பாஸ்! வலது பக்கமா ரெண்டடி நகர்ந்து நின்னிருந்தா தீர்ந்திருக்கும்.

ஸ்டீரியோங்கறதே ரெண்டு காது விஷயம்தான். இசைத்தட்டுல இருக்கிற கோடு ஒரு 'வி' வடிவப் பள்ளம். அதோட ஒரு சுவர்ல இடது சேனல், இன்னொரு சுவர்ல வலது சேனல். ஒரே முள் ரெண்டு சுவரையும் படிச்சு ரெண்டு ஸ்பீக்கருக்குப் பிரிச்சு அனுப்புது. தாத்தாகிட்ட இளையராஜாவோட 'ப்ரியா' ரெக்கார்ட் இருந்துச்சு. 1978-லயே ஸ்டீரியோவுல பதிவான பாட்டுங்க. அதுல பாதியை விட்டுடக் கூடாதுன்னுதான் மனுஷன் குமிழைத் திருப்பி, ஸ்பீக்கரை நகர்த்தி, தன் காதுக்கு ஏத்தபடி கூடத்தையே ட்யூன் பண்ணியிருக்கார். அவர் ஏன் எப்பப் பார்த்தாலும் காருக்குறிச்சியே கேட்டார்னும் இப்ப ஒரு ஊகம் இருக்கு. காருக்குறிச்சியார் காலமானது 1964-ல. அந்தப் பதிவெல்லாம் மோனோ. ரெண்டு பக்கமும் ஒரே சத்தம். ஒரு காதுல கேட்டாலும் ஒண்ணும் குறையாது.

செட் மறுபடி ஏறிய கதை

அடுத்த லீவுக்கு எல்லாத்தையும் கும்பகோணத்துக்கே தூக்கிட்டுப் போனேன். விக்கிற பேச்சே வரல. உங்க வீட்லயும் இப்படி ஒரு செட் இருந்தா, கனெக்‌ஷன் கொடுக்கும்போது கவனிக்க வேண்டிய மூணு விஷயம்:

ஒண்ணு, ரெக்கார்ட் பிளேயர் ஒயரை 'ஃபோனோ'னு எழுதின இடத்துலதான் சொருகணும். முள்ளுலேர்ந்து வர்றது சில மில்லிவோல்ட்தான். அதோட, ரெக்கார்ட் வெட்டும்போதே அடிநாதத்தைக் குறைச்சு, மேல்நாதத்தை ஏத்திப் பதிவு பண்ணியிருப்பாங்க. ஃபோனோ சர்க்யூட்தான் அதை நேர் பண்ணும். ஆக்ஸ்ல சொருகினா கொசு பாடற மாதிரி இருக்கும். மொபைலை ஃபோனோல சொருகினா அதுக்கு நேர் எதிர், காது கிழியும்.

ரெண்டு, பிளேயர்லேர்ந்து தனியா ஒரு மெல்லிசு ஒயர் தொங்கும். தேவையில்லைன்னு வெட்டிடாதீங்க! அது எர்த். ஆம்ப்ளிஃபயர் பின்னாடி 'ஜி.என்.டி.' திருகுல மாட்டினா 'உம்' சத்தம் காணாமப் போகும்.

மூணு, ஸ்பீக்கர் ஒயர்ல ப்ளஸ் மைனஸ் மாறக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாறினா பேஸ் காலி. சந்தேகம்னா ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்க. பேட்டரி ப்ளஸ் ஸ்பீக்கர் ப்ளஸ்ல பட்டா கூம்பு முன்னால வரணும்.

இதோட ஒரே ஒரு புது ஐட்டம் சேர்த்தேன். 600 ரூபாய் ப்ளூடூத் ரிசீவர். ஆம்ப்ளிஃபயருக்குள்ள கை வைக்கல, வெளியில ஆக்ஸ்ல சொருகினேன். இப்ப என் மொபைல்ல இருக்கிற பாட்டும் அதே ஸ்பீக்கர்ல பாடுது. கெப்பாசிட்டர், கூலி 1800, முள் 1200, ஃபோம் 1500, பெல்ட் 350, தராசு 300, ரிசீவர் 600. மொத்தம் 5750. லேப்டாப்? பழசையே ஓட்டிக்கிட்டிருக்கேன்.

முதல் ரெக்கார்ட் காருக்குறிச்சிதான். பாட்டி வழக்கம்போல அந்தக் காலி ஈஸிசேருக்கு வலது பக்கம் முக்காலி போட்டு உக்கார்ந்தாங்க. ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, "என்னடா, எல்லாம் என் பக்கமே வந்து கத்துது?"ன்னாங்க. நியாயம்தானே! குமிழ் நடுவுல. அவங்க உக்கார்ந்திருக்கிறது வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்துல. குமிழை மெதுவா இடது பக்கம் திருப்பினேன். பத்து மணிக்கு வந்ததும், "ஆங், இதான்"னாங்க.

சுரண்டி எறிஞ்ச பொட்டு ஞாபகம் வந்துச்சு. பாட்டி இப்ப ஸ்டிக்கர் பொட்டு வெச்சுக்கறதில்ல. ஆனா பீரோவுல ஒரு பழைய அட்டை இருந்துச்சு. அதுலேர்ந்து ஒண்ணைப் பிரிச்சுக் கொடுத்தாங்க. அதே இடத்துல ஒட்டிட்டேன். நான் தனியா கேக்கும்போது குமிழ் நடுவுக்கு வரும். பாட்டி வந்தா பொட்டுக்குப் போயிடும்.

கடைசியா ரெண்டே விஷயம் பாஸ். ஆம்ப்ளிஃபயர்ல கெட்டுப் போன எல்லாத்துக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஸ்பேர் கிடைச்சுது. காதுக்கு எந்தத் தெருவுலயும் கிடைக்காது. உள்காதுல செத்துப் போன ரோம செல் மனுஷனுக்கு மறுபடி முளைக்கறதில்ல. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல்னா வெறும் 4 மணி நேரம். தாத்தாவுக்கு அந்த சீட்ல உக்கார்றதுதான் பிழைப்பு, வேற வழியில்ல. நமக்கு இயர்போன் வால்யூமைக் குறைக்க ஒரு விரல் போதும்.

ரெண்டாவது, இந்த வாரம் ஊருக்குப் போனீங்கன்னா, பதில் பேசாத தாத்தாவோ பாட்டியோ யாராவது இருந்தா, கோவிச்சுக்கிட்டு நகர்றதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் போய் நின்னு இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க. கொஞ்சம் சத்தமா!